பார்ட்டிக்குப் பிடித்த குரல்

போன வாரம் பேத்திக்கு இருமல் என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் சித்தரத்தையைப் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டை ஒடித்து, “நல்ல சரக்கு, மோந்து பாருங்க” என்று நீட்டினார். மோந்து பார்த்தேன். அவ்வளவுதான், பேத்தியும் இருமலும் போன இடம் தெரியவில்லை. ஜீப் புகையும் கரிசல் புழுதியும் பேட்டரி ஆசிட் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறின. முன்சீட்டில் மைக்கைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கடைவாயில் சித்தரத்தையை ஒதுக்கியபடி குருசாமி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே நிற்கிறார், நான் வாங்கவில்லை. வயசானால் இப்படித்தான் என்று நினைத்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு விளம்பர ஏஜென்சியில் எனக்கு வேலை. ஏஜென்சி என்றதும் கண்ணாடிக் கதவும் டை கட்டிய ஆட்களும் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. ஒன்றில் ஓனர் இருப்பார். இன்னொன்றில் பெயிண்ட் டப்பாக்களும் நாங்களும் இருப்போம். ஊர்ச் சுவர்களில் எழுதுவோம், சினிமாக் கொட்டகைக்கு ஸ்லைடு செய்து கொடுப்போம், தீப்பெட்டிக்கு லேபிள் வரைவோம், ஜீப்பில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கிராமம் கிராமமாகப் போய்க் கூவுவோம். ஓனர் கொஞ்ச காலம் மெட்ராஸில் ஏதோ ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். அதனால் அவர் மட்டும் ‘கிளையன்ட்’ என்பார். மற்ற எல்லாருக்கும் அது ‘பார்ட்டி’. ஜவுளிக்கடை பார்ட்டி, உரக்கம்பெனி பார்ட்டி, தீப்பெட்டி பார்ட்டி.

பார்ட்டிகளைப் பார்த்துப் பேசி வேலையை வாங்கி வருவதும், முடித்ததைக் காட்டித் திட்டு வாங்கி வருவதும் என் உத்தியோகம். ‘ரெப்ரசென்டேட்டிவ்’ என்று விசிட்டிங் கார்டு கூட உண்டு. வாகனம், கேரியர் ஆடுகிற ஒரு சைக்கிள். பெண் பார்க்கப் போன இடத்தில் “மாப்பிள்ளைக்கு என்ன சோலி?” என்று கேட்டார்கள். விளம்பரத்துறை என்று அப்பா பெருமையாகச் சொன்னார். “போஸ்டர் ஒட்டுததா?” என்று பெண்ணின் சித்தப்பா கேட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

நல்லதும் இருக்கத்தான் செய்தது, இல்லையென்று சொன்னால் பாவம். எந்தக் கொட்டகையிலும் எனக்கு டிக்கெட் கிடையாது. ஸ்லைடு கொடுக்க வந்தேன் என்று ஆபரேட்டர் ரூம் வரைக்கும் போகலாம். கடைத்தெருவில் நடந்தால் நாலு கடையிலாவது “வாங்க தம்பி, காப்பி சாப்பிடுங்க” என்பார்கள். இன்றைக்குப் பருத்தி விதை, நாளைக்கு வளையல், மறுநாள் பம்புசெட்டு என்று ஒவ்வொரு தொழிலின் சூட்சுமமும் கொஞ்சம் கொஞ்சம் காதில் விழும். எல்லாவற்றையும் விட, நான் யோசித்துச் சொன்ன ஒரு வரி விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு நிற்கும்போது, பஸ்ஸுக்குள்ளிருந்து அதை யாராவது எழுத்துக் கூட்டி வாசித்தால், எனக்குத் தரையில் கால் பாவாது.

ஆனால் ஒரு பார்ட்டியிடம் உங்களுக்குச் சொந்த புத்தி இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் கசப்பு. தீப்பெட்டி பார்ட்டி ஒருவர் லேபிளுக்கு மான் படம் கேட்டார். வரைந்து கொடுத்தோம். மான் மேற்கே பார்த்து நிற்கிறது, விளங்காது என்று அவருடைய மைத்துனர் சொன்னார். லேபிளில் ஏது மேற்கு, பெட்டியைத் திருப்பினால் கிழக்காகிவிடுமே என்று எங்கள் ஆர்ட்டிஸ்ட் முணுமுணுத்தான். ஓனர் அவனை ஒரு பார்வை பார்த்தார். மான் திரும்பி நின்றது. தீபாவளி, பொங்கல், ஊர்க் கோயில் கொடை எதற்கும் நாங்கள் வீட்டில் இருந்ததில்லை. ஊருக்கு நல்ல நாள் என்றால் எங்களுக்கு சீசன். பார்ட்டி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வாளியைத் தூக்கினேன். அப்படிப் பழகிவிடும்.

குருசாமி அண்ணாச்சி எங்கள் ஜீப்புக்குக் குரல். சொந்த ஊர் பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமம். நாலு குறுக்கம் மானாவாரி நிலம், மழை பெய்தால் விவசாயம் பார்க்கிற சம்சாரி, பெய்யாவிட்டால் மைக். பெரும்பாலும் மைக்தான். அந்தக் குரலை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கணீர் என்று இருக்காது. கொஞ்சம் அடியில் மணல் கிடக்கிற மாதிரி இருக்கும். நம்மை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு சேதி சொல்கிற குரல். ஊருக்குள் நுழைந்ததும் கடைப் பேரைச் சொல்ல மாட்டார். முதலில் அந்த ஊர்ப் பேரைச் சொல்வார். பிறகு, “என்ன அத்தைமாரே, மொளகா எல்லாம் காஞ்சிருச்சா? பருத்தி எடுத்தாச்சா? பிள்ளைகளுக்கு ஒரு நல்ல துணி எடுக்க வேண்டாமா?” என்று ஆரம்பிப்பார். களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, “வேண்டாம் அண்ணாச்சி, நீரே எடுத்துக் குடும்” என்று கத்துவார்கள். சிரிப்பு அடங்கியதும்தான் ஜவுளிக்கடையின் பேர் வரும். அதற்குள் அது விளம்பரம் என்பதே மறந்து போயிருக்கும்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. துட்டி வீடு, அதாவது சாவு விழுந்த வீடு இருக்கிற தெருவில் மைக் பேசாது. தெருமுனையில் ஆட்கள் துண்டைப் போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தாலே போதும், பேச்சைப் பாதியில் அறுத்து ஸ்விட்சை அணைத்துவிடுவார். அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கவும் மாட்டார். ஜீப்பிலிருந்து இறங்கி, தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, ஜீப்புக்கு முன்னால் நடந்து போவார். கடைசி வீடு தாண்டிய பிறகுதான் ஏறுவார். ஒரு முறை ஓட்டப்பிடாரம் பக்கம் இப்படி ஒரு பெரிய தெரு முழுக்க விளம்பரம் போகாமல் போய், சேதி ஜவுளிக்கடை முதலாளி காதுக்கு எட்டிவிட்டது. ஓனர் கூப்பிட்டு விசாரித்தார். அண்ணாச்சி அதிர்ந்து பேசவில்லை.

“அழுதுக்கிட்டு இருக்க வீட்டு வாசல்ல போயி சேலை விக்கச் சொல்லுதீங்களா சார்? நாளைக்கு அந்த ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போவேன்?”

ஓனர் ‘சரி, போங்க’ என்று அனுப்பிவிட்டார். அந்த ஜவுளிக்கடைதான் எங்களுக்குப் பெரிய பார்ட்டி. அந்த முதலாளி இல்லையென்றால் மாடிக்கு வாடகை இல்லை. அவருக்கோ ஏஜென்சியில் பிடித்த ஒரே விஷயம் அண்ணாச்சியின் குரல்.

எங்கள் பக்கத்தில் மாசியும் பங்குனியும்தான் சம்சாரிகள் நிமிர்ந்து நடக்கிற மாதங்கள். மிளகாயும் பருத்தியும் வீடு வந்து சேர்ந்திருக்கும், அடுத்தாற்போல் கல்யாணங்கள் வரும். ஜவுளிக்கடைக்கு அதுதான் சீசன். காலையில் கிளம்பினால் பொழுது சாயும் வரை ஜீப் ஓடும். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே போய்விட்டால் களமெல்லாம் மிளகாய் வற்றல்தான், காற்றடித்தால் ஊரே தும்மும். அந்த நெடியிலும் புழுதியிலும் வாயைத் திறந்துகொண்டே போவதுதான் அண்ணாச்சியின் தொழில். நான் சொல்லப்போகிற வருஷம், சீசன் தொடங்கும்போதே அவருக்குக் குரல் கம்மிவிட்டது. சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு எதற்கும் கேட்கவில்லை. சோறு இறங்கும்போது வலிக்கிறது என்றார். பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு கட்டி தெரிகிறது, சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவரைக்கும் வாயே திறக்கக் கூடாது, மனைவியிடம் கூட சைகையில்தான் பேச வேண்டும் என்றார்.

“அது ஒண்ணும் கஷ்டமில்ல” என்றார் அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டில் வைத்து. “உங்க மதினிகிட்ட எனக்கு எப்பவும் சைகைதான்.”

சிரித்தோம். அவரை ஊருக்கு அனுப்பிவிட்டு, வேறொரு ஆளை வைத்து ஜீப்பை அனுப்புவது என்று ஓனரும் சம்மதித்தார். நான் ஜவுளிக்கடைக்குப் போய்ப் பதவிசாக விஷயத்தைச் சொன்னேன். முதலாளி துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

“வேற கொரலா? அது சரிப்படாது தம்பி. அந்தக் கொரலக் கேட்டாத்தான் நம்ம கடைன்னு சனம் அடையாளம் கண்டிருக்கு. கொரல மாத்துனா நான் ஏஜென்சிய மாத்த வேண்டியிருக்கும்லா?”

அதட்டியெல்லாம் சொல்லவில்லை. நல்ல மனுஷர்தான், ஊரில் அன்னதானத்துக்கெல்லாம் முன்னால் நிற்பவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். அவர் மருமகன் சிங்கப்பூரிலிருந்து டேப் ரிக்கார்டர் ஒன்று கொண்டுவந்திருந்தான். குருசாமி ஒரே ஒரு தடவை அதில் பேசிக் கொடுத்துவிடட்டும். அதற்குப் பிறகு அவர் பாட்டுக்கு ஓய்வெடுக்கட்டும், நாடா ஊர் சுற்றிக்கொள்ளும். கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சொல்லி அனுப்பியதும் அண்ணாச்சியும் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறி வந்தார்.

எங்கள் மாடியில்தான் பதிவு. தெருச் சத்தம் விழக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தினோம். ஃபேன் இரைகிறது என்று அதையும் நிறுத்தினோம். பங்குனி வெயில், தகரக் கூரை. முதலாளி நேரிலேயே வந்து நாற்காலியைப் போட்டு அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்தார். வரும்போது எல்லாருக்கும் கலர் சோடா வாங்கி வந்திருந்தார். நான் டேப்பின் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, பசுவந்தனை என்று ஊர்ப் பேரைச் சொல்லி ஆரம்பித்தார்.

“ஊர்ப் பேரு வேண்டாம் குருசாமி. எல்லா ஊருக்கும் பொருந்துத மாதிரி பேசும்” என்றார் முதலாளி.

மறுபடி பேசினார். மிளகாய் என்று வந்தது. மிளகாய் போடாத ஊரும் இருக்கிறதே, அதுவும் வேண்டாம் என்றார். மறுபடி பேசினார். கடைப் பேர் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வர வேண்டும். மறுபடி. இடையில் ஒரு இருமல் விழுந்துவிட்டது. மறுபடி. “எல்லாம் சரி, சிரிப்பு இல்லையே! கொஞ்சம் சிரிச்சாப்ல சொல்லும், இன்னொரு தடவை.” அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரை ஒரு மிடறு விழுங்குவார். அது இறங்கும்போது அவர் கழுத்து நரம்பு புடைக்கிறது எனக்குத் தெரிந்தது. “போதும் சார், முதல்ல பேசினதே நல்லாத்தான் இருந்துச்சு” என்று ஓனர் பக்கம் திரும்பிச் சொன்னேன். ஓனர் கண்ணாலேயே என்னை அடக்கினார். கிளையன்ட் உட்கார்ந்திருக்கும்போது போதும் என்று சொல்ல எங்கள் தொழிலில் யாருக்கும் வாய் கிடையாது.

மத்தியானம் தாண்டித்தான் முதலாளிக்குத் திருப்தி வந்தது. எழுந்து அண்ணாச்சியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். “இனி பேச்சு மூச்சு காட்டாம ஓய்வெடும்” என்றார். அவர் இறங்கிப் போனதும் அண்ணாச்சி துண்டால் வாயைத் துடைத்தார். துண்டில் ரத்தம் இருந்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், காற்றுதான் வந்தது.

அந்தக் குரல் திரும்பி வரவில்லை. கட்டி, சாதாரணக் கட்டி இல்லை என்று சோதனையில் தெரிந்தது. அன்றைக்குப் பேசியதால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்ல முடியாது, எப்படியும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் கடைசியாக மிச்சமிருந்த குரலை அவர் மனைவி மக்களோடு பேசித் தீர்த்திருக்கலாம். அதை ஒரு சேலைக் கடைக்காகப் பிழிந்து எடுத்தார்கள்.

நாடா மட்டும் நன்றாக ஓடியது. டிரைவர் பக்கத்தில் ஆள் வேண்டியதில்லை, அவனே ஊருக்கு ஊர் சுற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கிக்கொள்வான். வைத்தியத்துக்காகப் பாளையங்கோட்டை போகிற வழியில் சில நாள் அண்ணாச்சி கோவில்பட்டியில் இறங்கி எங்களைப் பார்க்க வருவார். ஒரு முறை கீழே டீக்கடையில் நாங்கள் நிற்கும்போது ஜீப் அந்த வழியாகப் போனது. தன் குரல் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு போவதை, டீக் கிளாஸைக் கையில் பிடித்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, ‘பரவாயில்லை’ என்கிற மாதிரி கையைக் காட்டினார். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில், தீபாவளி சீசன் நடுவில், அண்ணாச்சி இறந்து போனார். ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னபோது ஜீப் ஏற்கனவே கிளம்பிப் போயிருந்தது. எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. நானும் ஓனரும் மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். முந்தின நாள் மழையில் கரிசல் குழைந்து கிடந்தது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஊருக்குள் நடந்தோம். குளிப்பாட்டி மாலை போட்டுத் தூக்குகிற நேரம். அப்போது ஊர் எல்லையில் அந்தக் குரல் கேட்டது.

“வாங்க, வாங்க, தாய்மாரே! நல்ல நாளும் பொழுதுமா புதுச் சேலை எடுக்க வேண்டாமா?”

ஒப்பாரி நின்றுவிட்டது. முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பாடையில் கிடக்கிறவர் சிரித்துக்கொண்டே தெருவுக்குள் வருகிறார். டிரைவர் அந்த வருஷம் சேர்ந்தவன். துட்டி வீடு கண்டால் இறங்கி நடக்கிற வழக்கமெல்லாம் அவனுக்குத் தெரியாது, நாடாவுக்கும் தெரியாது. ஊர்ப் பையன்கள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். “ஏலே, நிப்பாட்டுலே! அறிவு கெட்ட பயலே!” நானும் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். பயந்து போன டிரைவர் ஜீப்பை நிறுத்திவிட்டு டேப்பின் மேல் கையை வைத்தான்.

பின்னாலிருந்து சீனியம்மா மதினியின் சத்தம் வந்தது. அண்ணாச்சியின் மனைவி. தலைவிரி கோலமாகத் தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

“நிப்பாட்டாதீங்கய்யா. அவனை அடிக்காதீங்க. அவிய பேசிக் கேட்டு எம்புட்டு நாளாச்சு... பேசட்டும், விடுங்க.”

டிரைவர் டேப்பிலிருந்து கையை எடுத்தான். தெரு முழுக்க நின்றோம். அண்ணாச்சி தன் வீட்டு வாசலில், பட்டுச் சேலை பற்றியும் மெல்லிசான வாயில் துணிப் புடவை பற்றியும் பிள்ளைகளின் சட்டைத் துணி பற்றியும் சொன்னார். கடை இருக்கிற இடத்தைச் சொன்னார், கடைப் பேரை அழுத்திச் சொன்னார். முதலாளி கேட்டது போலவே கொஞ்சம் சிரித்தாற்போல் சொன்னார். மதினி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். பேச்சு முடிந்ததும் டிரைவர் டேப்பைக் கட்டென்று நிறுத்தினான். அதன் பிறகுதான் தூக்கினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து மதினி எங்கள் மாடிக்கு வந்தார்கள், தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. வேறொன்றும் கேட்கவில்லை. “அந்த நாடாவ எனக்குத் தருவீங்களா?” என்று மட்டும் கேட்டார்கள். தீபாவளி முடிந்த கையோடு ஓனர் அந்தக் கேசட்டில் உரக்கம்பெனி விளம்பரத்தைப் பதிந்துவிட்டிருந்தார். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, ஒரு பார்ட்டியின் வேலை முடிந்தால் அதே நாடாவில் அடுத்த பார்ட்டியை ஏற்றுவதுதான் எங்கள் வழக்கம். ஓனர் தலையைக் குனிந்துகொண்டே அதைச் சொன்னார். நாடாவின் கடைசியில் பழையது கொஞ்சம் மிச்சமிருக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. போட்டேன். யூரியா பற்றி யாரோ ஒருவன் கத்தினான். மதினி பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அது முடிந்து வெறும் இரைச்சல் ஓடியது. பிறகு, பதிவு நாளன்று பேசிப் பேசிக் கழித்ததில் ஒரு துணுக்கு வந்தது. ஒரு இருமல். செம்பை வைக்கிற சத்தம். அப்புறம் அண்ணாச்சியின் குரல், கம்மிப் போய்:

“சரி மொதலாளி. இன்னொரு தடவை சொல்லுதேன்.”

அதோடு நாடா தீர்ந்தது.

“அவியதான்” என்றார்கள் மதினி. கேசட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினார்கள். அவர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது.

அந்த மாடி இப்போது இல்லை, இடித்துவிட்டு செல்போன் கடை வந்துவிட்டது. ஓனர் இல்லை, ஜவுளிக்கடையையும் பங்கு பிரித்து மூடிவிட்டார்கள். ஜீப் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. கேசட் என்றால் என்னவென்று பேத்திக்குத் தெரியாது. எங்கள் தெருவில் தினமும் பூண்டு வண்டியும் வெங்காய வண்டியும் பதிந்து வைத்த குரலோடு போகின்றன. எதிர்வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கும் போயின, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சித்தரத்தையைத் தட்டிப் போட்டுப் பேத்திக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். வீடு முழுக்க அந்த வாசம். கண்ணை மூடிக்கொண்டு, அத்தைமாரே என்று அண்ணாச்சி ஒரு ஊரைக் கூப்பிடுவதைக் காதுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் வருவது அந்தக் கடைசி வரிதான். இன்னொரு தடவை சொல்லுதேன் என்கிறார்.